எடமச்சி நிறுத்தத்துச் செவ்வரளி

தணிகைவேல் வீட்டுத் தோட்டத்தில் காஞ்சிபுரத்தில் ஏறினால் சாலவாக்கத்தில் இறங்கலாம். தெருப்பக்கத்துக் கேட்டை ஒட்டி நிற்கும் பவழமல்லிதான் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு. அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் வெள்ளெருக்கு, அது ஓரிக்கை. வேப்பமரத்தைச் சுற்றி வளைந்தால் ஆமணக்கு, அது மாகறல். பிறகு திருப்புலிவனத்து ஊமத்தை, உத்திரமேரூர்ச் செம்பருத்தி, எடமச்சி செவ்வரளி. கிணற்றடியில் நிற்கும் வாழைக்கூட்டம் சாலவாக்கம். அங்கே வண்டி திரும்பிவிடும்.

வண்டி என்று நான் சொல்வது ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளியை. காலை ஆறரைக்கு ஒரு நடை, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு நடை. தணிகைவேல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு செடியின் காலடியிலும் நின்று ஒரு விசில் ஊதுவான். தண்ணீர் ஊற்றுவான். மண் குடித்து முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பான். பிறகு இரண்டு விசில், அடுத்த நிறுத்தம். நடுவழியில் வாளி காலியானால் குழாயடிக்குப் போய் நிரப்பிக்கொண்டு வருவான். அதற்கு டீசல் போடுவது என்று பெயர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது, இரண்டொரு நாள் தவிர ஒரு நடைகூடத் தவறியதில்லை.

நான் ரங்கன். அந்த வழித்தடத்தில் இருபத்திரண்டு வருஷம் அரசு பஸ் ஓட்டியவன். அவன் கண்டக்டர், நான் டிரைவர். இன்றுவரை, ஒரே ஒரு தடவை தவிர, நாங்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உத்திரமேரூருக்கு வெளியே, ஏரிக்கரைக்குக் கீழே, எதிரெதிர் வீட்டில் இருக்கிறோம். எனக்குக் கோபம் சட்டென்று வரும். இத்தனை வருஷத்தில் நான் பட்ட கோபத்தில் பாதிக்கு மேல் செலவானது அவன்மேல்தான்.

ஏனென்றால் அவன் ஒரு கனவுப் பேர்வழி. பின்படியில் நின்றுகொண்டு ஏரியைப் பார்ப்பான். நடவு நட்ட வயலைப் பார்ப்பான். நாரை ஒன்று ஒற்றைக் காலில் நின்றால் அது காலை மாற்றுகிற வரைக்கும் பார்ப்பான். ஒருமுறை மாகறலில் இறங்க வேண்டிய ஒரு கல்யாணக் கூட்டத்தையே, தாம்பூலத் தட்டோடு, திருப்புலிவனம் வரைக்கும் கொண்டு போய்விட்டோம். விசில் அவன் வாயில்தான் இருந்தது. ஊத மறந்துவிட்டான். கேட்டால், மழை மேகம் ஒன்று வண்டியோடு கூடவே வந்ததாம், அது நம்மை முந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தானாம்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவனுக்குத் தூக்கமே கிடையாது. வண்டி கிளம்புகிற நேரத்தில், தூரத்து வரப்பில் ஒரு புள்ளி தெரிந்தால் போதும். அது ஆளா கொக்கா என்று எனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். இரண்டு விசில் ஊதமாட்டான். நான் ஆரனை அடிப்பேன், எஞ்சினை உறுமவிடுவேன், கண்ணாடியில் அவனை முறைப்பேன். அவன் படியிலிருந்து எட்டிப் பார்த்து ஒரே வாக்கியம் சொல்வான்.

"ஆள் ஏறல, டிரைவரே."

அந்த ஆள் மூச்சு வாங்க ஓடி வந்து ஏறி, கம்பியைப் பிடித்த பிறகுதான் வண்டி நகரும். அந்த மூன்று வார்த்தையை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். ஆயிரம் தடவையும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செடிகள் வந்ததும் அந்த பஸ்ஸில்தான். அவனுக்குப் பூ பிடிக்கும் என்று எப்படியோ வழி முழுக்கத் தெரிந்துவிட்டது. நின்ற இடத்திலெல்லாம் யாராவது ஒரு குச்சியையோ ஒரு கைப்பிடி விதையையோ கொடுப்பார்கள். ஈரத்துணியில் சுற்றி, டிக்கெட் பைக்குள் வைத்துக்கொள்வான். என்ன செடி, நல்லதா கெட்டதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எந்த ஊர் என்று மட்டும் கேட்பான். இப்படித்தான் பாலாற்றங்கரை எருக்கும் சிவன் கோயில் பக்கத்து ஊமத்தையும் அவன் வீட்டில் வந்து குடியேறின.

எடமச்சி செவ்வரளி மட்டும் வேறு வகையில் வந்தது. அது அவன் மனைவி வசந்தகுமாரியின் தாய்வீட்டுச் செடி. கல்யாணமாகி வந்தபோது ஒடித்த ஒரு போத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்ததாகச் சொல்லும். தோட்டத்தில் முதல் செடி அதுதான். இரண்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்து, வருஷம் முழுக்கப் பூத்துத் தள்ளியது. வசந்தகுமாரி அதில் மாலை கட்டி சுற்றுவட்டாரத்து மூன்று கோயில்களுக்குக் கொடுத்துவந்தது. செவ்வாய்க்கிழமை முருகனுக்கு அந்த மாலை போடாமல் பூசாரி திரையை விலக்கமாட்டார்.

நாய் வந்ததும் எடமச்சியிலிருந்துதான். நாங்கள் ஓய்வு பெறுவதற்கு முந்தின ஐப்பசி, நல்ல மழை. நிறுத்தத்தில் ஆள் யாருமில்லை. ஆனாலும் ஒரு விசில் ஊதி நிறுத்திவிட்டான். எனக்கு வழக்கம்போலப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால், உள்ளங்கை இரண்டு சேர்த்த அளவில் ஒரு செவலைக் குட்டி, நனைந்த துணிபோல, பின்படியில் ஒவ்வொரு படியாகத் தொற்றி ஏறிக்கொண்டிருக்கிறது. அது மேலே வந்து உதறிக்கொள்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு இரண்டு விசில் கொடுத்தான். உத்திரமேரூரில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். கண்டக்டர் மடியில் அசைகிறதைப் பார்த்து, இது என்னய்யா என்றார். "டிக்கெட் சார்" என்றான் இவன். வண்டியே சிரித்தது. அன்றிலிருந்து அந்த நாயின் பெயர் டிக்கெட்.

குழந்தை இல்லாத வீடு. நாய்க்குச் செல்லம் கொடுத்தார்கள் என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வதாகும். காலை நடையிலும் மாலை நடையிலும் டிக்கெட் அவன் பின்னாலேயே போகும். ஒரு விசிலுக்கு உட்காரும். இரண்டு விசிலுக்கு எழுந்து நடக்கும். நான் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்ப்பேன். கண்ணை மூடிக்கொண்டால் எனக்கே கால் கிளட்ச்சைத் தேடும். பவழமல்லி வாசனை விட்டுப்போய் ஈரமண் வாசனை வந்தால் ஓரிக்கை தாண்டிவிட்டோம், பாலாற்றுப் பாலத்தில் ஏறுகிறோம் என்று தோன்றும். காற்றில் ஆமணக்கு இலை சலசலத்தால் மாகறல் வளைவு. அரைத்தூக்கத்தில் எத்தனையோ நாள் சாலவாக்கம் வரைக்கும் போய் வந்திருக்கிறேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

போன தை மாதம் உத்திரமேரூரில் நாய்களுக்கு வெறிநாய்த் தடுப்பூசி முகாம் போட்டார்கள். கால்நடை டாக்டர் அபிநயா என்று ஒரு சின்ன வயசுப் பெண். ஊசி போட்டுவிட்டு, வீட்டைச் சுற்றி என்னென்ன வளர்க்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். இவன் பெருமையாக ஓரிக்கையிலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொல்லியிருக்கிறான். டாக்டரம்மா ஒவ்வொன்றாக விரல் மடக்கி, எருக்கு விஷம், ஆமணக்கு விதை விஷம், ஊமத்தை விஷம், அரளி எல்லாவற்றையும்விட விஷம், நாய் வளர்க்கிற வீட்டில் இதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

இவன் முகம் வெளுத்து நேரே என்னிடம் வந்தான். எந்தச் செடியை எடுப்பது, எந்த நிறுத்தத்தை விடுவது என்று தெரியவில்லை என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அரளி விஷம் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துதான் வயல் ஓரமெல்லாம் அரளி வைக்கிறோம். ஆடு மாடு வாய் வைக்காது, வேலி போட வேண்டாம், அதுவே வேலி. இதில் பயப்பட என்ன இருக்கிறது?

"ஆடே மோந்து பாக்காத செடி அது" என்றேன். "உன் டிக்கெட்டு இன்னா, ஆட்ட விட அறிவு கொறஞ்சதா? படிச்சவங்க அப்பிடித்தான் சொல்லிக்கினு இருப்பாங்க. பேஜார் பண்ணாத, போ."

அவன் போனான். ஆனாலும் ஒரு வாரம் நாயின் மூக்கையே பார்த்துக்கொண்டு திரிந்தான். டிக்கெட் செவ்வரளியடியில் மோந்துபார்த்து, தும்மி, தள்ளிப்போய்ப் படுத்தது. நான் சொன்னது சரியாகப் போய்விட்டது. எனக்கும் ஒரு சின்ன மிதப்பு.

அக்கினி நட்சத்திரம் வந்தது. ஏரி வற்றி நடுவில் ஒரு தட்டு அளவுக்குத் தண்ணீர் மின்னியது. பகல் பன்னிரண்டு மணிக்குத் தெருவே நீரில் மிதப்பதுபோலத் தெரியும். எதிர்வீட்டுச் சுவர், கேட், பவழமல்லி எல்லாம் மெல்ல நெளியும். அப்படியான நாட்களில்தான் திரௌபதி அம்மன் கோயில் தீமிதி. வசந்தகுமாரிக்கு ஏகப்பட்ட மாலை வேலை. பறித்த அரளி மொட்டுகளைக் காம்போடு அலுமினிய பேசினில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைக்கும். வெயிலில் அதுவும் தாங்காமல் மத்தியானத்துக்குள் துவண்டுவிடுகிறது என்று என் வீட்டில் வந்து புலம்பியது.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஓய்வு பெற்ற டிரைவருக்கு ஸ்டீரிங் போய்க் கையில் போன் வந்துவிட்டது, அதுதான் வினை. பூ வாடாமல் இருக்க என்ன வழி என்று தேடி, தண்ணீரில் சர்க்கரை கலக்கச் சொல்லும் வீடியோ ஒன்றைப் பிடித்து வசந்தகுமாரிக்கு அனுப்பிவைத்தேன். அனுப்பியதை அன்றைக்கே மறந்தும் போனேன்.

தீமிதிக்கு முதல் நாள், மத்தியானம் மூன்று மணி இருக்கும். தணிகைவேல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. "ரங்கா" என்று. இருபத்தைந்து வருஷப் பழக்கத்தில் முதல் தடவை. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

வேப்பமரத்தடியில் டிக்கெட் கால்களைப் பரப்பிக்கொண்டு நின்றது. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக ஒழுகியது. இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தது. ஒரு அடி எடுத்து வைத்துப் பக்கவாட்டில் சாய்ந்தது. கண் திறந்திருந்தது, எங்களைப் பார்க்கவில்லை. நான் உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றலாம் என்றேன். அவன் கேட்கவில்லை. நாயைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு என் மொபெட்டின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

அந்த மூன்று கிலோமீட்டர் என் வாழ்நாளில் ஓட்டிய எந்த நடையைவிடவும் நீளம். பின்னால் அவன் முனகிக்கொண்டே வந்தான். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் கேட்டது: காஞ்சிபுரம், ஓரிக்கை, மாகறல், திருப்புலிவனம், உத்திரமேரூர். அங்கே நிறுத்திவிட்டு மறுபடி காஞ்சிபுரத்தில் ஆரம்பித்தான்.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் அபிநயா இருந்தது எங்கள் நல்ல நேரம். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். முகம் மாறியது. துடிப்பு விட்டு விட்டு வருகிறது, மிகவும் மெதுவாக இருக்கிறது என்றார். என்ன சாப்பிட்டது என்று கேட்டார்.

"ஒண்ணும் சாப்டலம்மா" என்றான் தணிகைவேல். "காலைலேர்ந்து என் கூடத்தான் கீது. இல தழ ஒண்ணுத்துலயும் வாய் வெக்கல. நான் பாத்துக்கினே இருந்தேன்."

நானும் மார்தட்டிக்கொண்டு, ஆடு தொடாத செடியை நாய் எப்படித் தொடும் என்று டாக்டருக்கே பாடம் எடுத்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தண்ணி? எங்கயாவது தண்ணி குடிச்சுதா?" என்றார்.

அந்தக் கேள்வி எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. வீட்டுக்குப் போன் போட்டேன். வசந்தகுமாரி எடுத்தது. டிக்கெட் எந்தத் தண்ணீரைக் குடித்தது என்று கேட்டேன். வசந்தகுமாரி போய்ப் பார்த்துவிட்டு வந்தது. பூ ஊற வைத்த பேசினில் பாதித் தண்ணீர் இல்லை என்றது. கட்டி வைத்த மாலையை எடுத்துக்கொண்டு தான் கோயிலுக்குப் போயிருந்ததாகவும், அந்த நேரத்தில் நாய் குடித்திருக்கும் என்றும் சொல்லி அழுதது. அந்தக் கசப்புத் தண்ணீரை எந்த நாய் குடிக்கும் என்று கேட்டேன். அதில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டிருந்தது என்றது.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தினேன்.

"யாரும்மா உன்ன சர்க்கர போடச் சொன்னது?"

குற்றம் சொல்கிற குரலில்கூட இல்லை, தயங்கித் தயங்கி வசந்தகுமாரி சொன்னது: "நீங்கதாண்ணா அனுப்பிச்சீங்க."

போனைக் காதிலிருந்து எடுத்தது எனக்கு ஞாபகமில்லை. டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். அரளியில் இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே விஷம், அது ஊறின தண்ணீரும் விஷம் என்றார். கசப்பாக இருப்பதால் நாய் ஒதுக்கிவிடும், இந்த வெயிலில் அது இனிப்பாகவும் கிடைத்தால் ஒதுக்குமா என்றார். பேசிக்கொண்டே கை வேலையைச் செய்தது. விஷத்தை உறிஞ்சும் கரியைக் கரைத்து மெல்லிய குழாய் வழியாக உள்ளே விட்டார். முன்னங்காலில் ட்ரிப்ஸ் ஏற்றினார். இதயத்துக்கு ஒரு ஊசி. வீட்டில் உப்புத் தண்ணீர் ஏதும் ஊற்றினீர்களா என்று கேட்டார், இல்லை என்றதும் நல்லது என்றார். உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது, துடிப்பு சீராகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்.

நாங்கள் இருவரும் அந்த இரும்பு மேசைக்குப் பக்கத்தில் நின்றோம். ஜன்னலுக்கு வெளியே புங்கமரம். அதன் நிழல் சுவரில் ஏறி, நாயின் மேல் வந்து, மறுபடி சுவருக்குப் போயிற்று. நேரம் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. தணிகைவேல் ஒரு கையை டிக்கெட்டின் நெஞ்சின் மேல் வைத்திருந்தான். உதடு மட்டும் அசைந்தது. ஓரிக்கை, மாகறல், திருப்புலிவனம், உத்திரமேரூர். எடமச்சியை மட்டும் அவன் வாய் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் நின்றுவிட்டுத் திரும்பினான்.

என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். வீடியோ அனுப்பியது நான்தான், தை மாதத்திலேயே நீ எடுத்துவிடுகிறேன் என்று வந்தபோது சிரித்து அனுப்பியதும் நான்தான், இந்த நாய் செத்தால் கொன்றது நான்தான் என்றேன். அறுபத்து மூன்று வயதில், ஒரு நாயின் தலைமாட்டில் நின்று, வாய்விட்டு அழுதேன்.

அவன் கையை எடுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"நீ வண்டி ஓட்டுறவன், டிரைவரே" என்றான். "உன் கண்ணு ரோட்டு மேலதான் இருக்கும். உள்ள ஏறுனவங்களுக்கு இன்னா ஆச்சின்னு பாக்கறது கண்டக்டர் வேல. நான்தான் பாக்கல."

அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி மூடும் நேரம். உதவியாளர் ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தார். நீங்கள் வீட்டுக்குப் போங்கள், நான் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார் டாக்டர். நானும் அவன் தோளைத் தொட்டு, வசந்தகுமாரி தனியாக இருக்கும், வா போகலாம் என்றேன்.

"ஆள் ஏறல, டிரைவரே" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். உதவியாளர் சாத்திய ஜன்னலை மறுபடி திறந்து வைத்தார். சாயங்கால வெயில் மஞ்சளாக உள்ளே வந்து மேசைக்காலைத் தொட்டது. டாக்டர் மூன்றாவது தடவையாகக் குழாயை நெஞ்சில் வைத்தார். வைத்தபடியே நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு குழாயைக் கழற்றி தணிகைவேலின் காதில் மாட்டிவிட்டார்.

அவன் கேட்டான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, "தார் ரோட்டுல ஏறிடுச்சி" என்றான்.

தீமிதி முடிந்த மறுநாள், ஊரே தூங்கிக்கொண்டிருந்த காலையில் டிக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தலையைத் தூக்க முடிந்தது, நிற்க முடியவில்லை. கேட்டைத் திறந்ததும் வசந்தகுமாரி நாயை வாங்கிக்கொள்ளவில்லை. சுவரில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தது.

அவன் கடப்பாரையைப் பிடித்தபடி செவ்வரளியைப் பார்த்துக்கொண்டு நின்றான். உன் அம்மா வீட்டுச் செடியாயிற்றே, வேலிக்கு வெளியே எங்கேயாவது பெயர்த்து வைக்க முடியுமா பார்க்கிறேன் என்று இழுத்தான். முப்பத்தைந்து வருஷத்து வேர், பெயர்த்தால் பிழைக்காது என்று அவனுக்கும் தெரியும்.

"எங்கம்மா வூட்லேர்ந்து நான் வந்துட்டேன் இல்ல" என்றது வசந்தகுமாரி. "அது போதும். வெட்டுங்க."

வெட்டி முடிக்க மத்தியானம் ஆயிற்று. நான் கிளைகளைக் குவித்துக் கொளுத்தப் போனேன். டாக்டரம்மா முந்தின நாளே சொல்லியிருந்தார், அரளியை எரித்தால் அந்தப் புகையும் விஷம், புதைக்க வேண்டும் என்று. இந்த முறை நான் பாடம் எடுக்கவில்லை. கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, தோட்டத்துக்கு வெளியே ஆழமாகக் குழி எடுத்துப் புதைத்தேன். இலையைக்கூட ஒன்று விடாமல் பொறுக்கினேன். பெரிய மண்டபத்துப் பந்தலைப் பிரித்ததுபோல அந்த மூலை வெளிச்சமாகிவிட்டது. அந்த வெளிச்சத்தைப் பார்க்க எங்கள் மூன்று பேருக்கும் பிடிக்கவில்லை.

எருக்கையும் ஆமணக்கையும் ஊமத்தையையும் பெயர்த்துக் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வைத்தோம். அதெல்லாம் இனி பைபாஸ் என்றான் தணிகைவேல். ஆனாலும் நடை நடைதான். வலைக்கு இந்தப் பக்கம் நின்று விசில் ஊதி, கம்பிக் கண் வழியாகக் குவளையால் தண்ணீர் ஊற்றினான். கோயில்களுக்கு வசந்தகுமாரி இப்போது சம்பங்கி கட்டித் தருகிறது. பூசாரி முதலில் முகம் சுளித்தார், விஷயம் தெரிந்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை. எடமச்சியில் மட்டும் புதிதாக எதையும் நடவில்லை. பெயர்த்த குழி பாதி மூடியபடி, பொலபொலவென்று மண்ணாகக் கிடந்தது.

டிக்கெட் எழுந்து நடக்கப் பத்து நாள் ஆயிற்று. அன்றைக்குச் சாயங்காலம் தணிகைவேல் பவழமல்லியடியில் விசில் ஊதியபோது, அது வீட்டுக்குள்ளிருந்து தள்ளாடித் தள்ளாடி வந்து அவன் காலுக்குப் பின்னால் நின்றது. எலும்பும் தோலுமாக இருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவான் என்று எனக்குத் தெரியும். வழக்கத்தில் பாதி வேகத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

நான் வேப்பமரத்தடி நாற்காலியில் உட்காரவில்லை. நானும் கூடவே நடந்தேன். ஓரிக்கை வந்தது, போயிற்று. மாகறல் வளைவில் காற்று அடித்தது. திருப்புலிவனம் தாண்டி, உத்திரமேரூர்ச் செம்பருத்தியில் பெரிய நிறுத்தமாக நின்று எல்லோரும் மூச்சு வாங்கினோம். பிறகு அவன் அந்த வெறும் குழிக்கு முன்னால் போய் நின்றான். நின்றானே தவிர ஊதவில்லை. வாயில் விசில் இருந்தது. மாகறல் கல்யாணக் கூட்டத்தைத் தாண்டிக் கொண்டுபோன அன்றைக்கு இருந்த அதே மாதிரி. இந்த முறை அவன் மேகம் எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

கடைசியில் ஒரு விசில் ஊதினான். மெதுவாக, நாலு ஊருக்கு அப்பால் இருந்து வருவதுபோல.

ஒரு விசிலுக்கு உட்கார வேண்டிய நாய் உட்காரவில்லை. எங்கள் இருவர் காலுக்கும் நடுவில் நுழைந்து முன்னால் போயிற்று. குழியை மோந்துபார்த்தது. உள்ளே இறங்கி இரண்டு சுற்றுச் சுற்றி, செவ்வரளியின் வேர் இருந்த இடத்தில், குளிர்ந்த மண்ணில் வயிற்றை வைத்துப் படுத்தது. பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

அவன் வாளியில் இருந்த தண்ணீரைக் குழியின் ஓரமாக, நாயின் மேல் படாமல் ஊற்றினான். மண் குடித்து முடித்தது. நாங்கள் நின்றோம். வாழையிலைகளில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சாலவாக்கம் இன்னும் ஆறு எட்டுத் தூரம்தான். டிக்கெட் அசையவில்லை. விலா மட்டும் ஏறி இறங்கியது, ஒரே சீராக.

கொஞ்சம் கழித்து அவன் என்னைப் பார்த்தான். நேரமாகிறது என்று நான் எரிச்சல்படுவேன் என்று நினைத்திருப்பான், இருபத்திரண்டு வருஷப் பழக்கம். இரண்டு விசிலுக்கு மூச்சை இழுத்தான்.

"இரு, கண்டக்டரே" என்றேன். "ஆள் ஏறல."